நீர்க்குகையும் மூச்சுக் கருவியும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு குறுக்கிடுகிறது. அங்குள்ள படகுத் துறையையும், ஆறு கடலோடு கூடுமிடத்து மணற்பரப்பையும் பார்த்திராத மாணவர் இப்பகுதியில் அரியர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நீருக்கடியிலுள்ள குகைகளில் மூழ்கிச் செல்வோர் கையாளும் மூச்சுக் கருவியைப் பற்றியது. அதற்கும் இந்த ஆற்றுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். ஆற்றின் பெயரில் நிற்கும் சுண்ணாம்பு ஒன்றே உறவு. ஆயினும் அது சிறிய உறவன்று.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் யாவரும் செய்து பார்த்த சோதனை ஒன்றுண்டு. தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு குழலை வைத்து ஊதினால், நீர் சற்று நேரத்தில் பால்போல் வெளுத்துவிடுகிறது. நம் மூச்சிலுள்ள கரியமில வாயுவைச் சுண்ணாம்பு பற்றிக்கொண்டு சுண்ணக்கல்லின் நுண்ணிய பொடியாக மாறுவதே அவ்வெண்மை. வெள்ளையடித்த சுவர் நாளடைவில் இறுகுவதும் இதே செயலால்தான். இந்தச் சிறு சோதனையை நம்பி, ஒரு மனிதன் நிலத்தின் அடியில் நீர் நிரம்பிய குகைக்குள் நுழைந்து, மூன்று மணி நேரம் கழித்து உயிரோடு திரும்புகிறான். அவன் முதுகில் சுமந்து செல்லும் கலத்தில் இருப்பது நம் வெற்றிலைப் பெட்டியிலுள்ள சுண்ணாம்பின் உடன்பிறப்பே.

நோணாங்குப்பத்தில் அத்தகைய குகை எதுவும் இல்லை. அமெரிக்காவின் புளோரிடா, மெக்ஸிகோவின் யுகடான், பிரான்சின் தென்பகுதி போன்ற சுண்ணக்கல் நிலங்களிலேதான் அவை மிகுதி. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, பல்லாயிரம் ஆண்டுகள் கல்லை அரித்து உண்டாக்கியவை அக்குகைகள். ஆனால் கடலில் மூழ்கிப் பழகும் பயிற்சி புதுச்சேரியிலேயே இன்று நடைபெறுகிறது. அதில் சேரும் இளைஞர்களும் பலர். அவர்களில் ஒருவரேனும் பிற்காலத்தில் இக்கருவியை முதுகில் மாட்டக்கூடும். மாட்டாதவர்களுக்கும், ஆற்றில் நீந்துபவர்களுக்கும், பாழுங்கிணற்றில் இறங்க நேர்பவர்களுக்கும், இக்கருவி கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. நம் மூச்சைப் பற்றி நம் உடல் நமக்குச் சொல்லும் செய்தி முழுமையானதன்று என்பதே அது.

முதலில் மூச்சின் கணக்கைப் பார்ப்போம். நாம் உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராண வாயு. வெளிவிடும் மூச்சிலும் 16 அல்லது 17 பங்கு மிஞ்சியே நிற்கிறது. நிதானமாக நீந்தும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார். அதில் அவர் உடல் செலவிடும் பிராண வாயு ஒரு லிட்டர் அளவுதான். இது நீர்மட்டத்தில் உள்ள நிலை. நீரில் பத்து மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் நான்கு மடங்கு காற்று உட்செல்ல வேண்டும். நிமிடத்துக்கு 80 லிட்டர். உடலோ அப்பொழுதும் அதே ஒரு லிட்டரைத்தான் எடுத்துக்கொள்கிறது. மிஞ்சிய 79 லிட்டரும் குமிழிகளாய் மேலே போய்விடுகின்றன. 12 லிட்டர் கொள்ளும் உருளையில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்த 2,400 லிட்டர் காற்று, அந்த ஆழத்தில் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

வெளிவிட்ட மூச்சை வீணாக்காமல் ஒரு பையில் பிடித்து, அதிலுள்ள கரியமில வாயுவைச் சுண்ணாம்பினால் நீக்கி, செலவான ஒரு லிட்டர் பிராண வாயுவை மட்டும் சேர்த்துத் திரும்பச் சுவாசித்தால் என்ன? இதுவே ரீபிரீதர் எனப்படும் மீள்சுவாசக் கருவியின் தத்துவம். மூன்று லிட்டர் கொள்ளும் சிறு புட்டியில் 600 லிட்டர் பிராண வாயு அடங்கும். கணக்குப்படி அது பத்து மணி நேரத்துக்குப் போதும். எத்தனை ஆழமாயினும் போதும். அரை மணி எங்கே, பத்து மணி எங்கே! குகையில் இதற்கு மற்றொரு பயனும் உண்டு. சாதாரணக் கருவியிலிருந்து எழும் குமிழிகள் குகையின் கூரையில் மோதி, அங்கே படிந்துள்ள வண்டலை உதிர்த்து நீரைக் கலக்கிவிடும். மீள்சுவாசக் கருவியில் குமிழிகள் மிகக் குறைவு.

இவ்வெண்ணம் புதியதன்று. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த பியேர் மரி தூபூலிக் என்பவர் 1808-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவி ஒன்றுக்கு உரிமை பெற்றார். மூச்சைத் தூய்மையாக்க அவர் வைத்தது சுண்ணாம்பு நீரில் நனைத்த கடற்பஞ்சு. நடைமுறையில் வென்ற கருவியை 1878-இல் செய்தவர் ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர். அதன் பெருமை இரண்டே ஆண்டில் வெளிப்பட்டது. இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின் அடியில் தோண்டிக்கொண்டிருந்த இரயில் சுரங்கத்தில் 1879-இல் ஊற்று உடைத்துக்கொண்டு நீர் நிரம்பிற்று. உள்ளே சுமார் ஆயிரம் அடி தூரத்தில் இருந்த இரும்புக் கதவு ஒன்றை மூடினாலன்றி நீரை இறைக்க முடியாது. அலெக்சாண்டர் லாம்பர்ட் என்னும் மூழ்குநர், மேலிருந்து காற்றனுப்பும் நீண்ட குழாயை இழுத்துக்கொண்டு சென்று பார்த்தார். குழாய் மிதந்து கூரையில் ஒட்டிக்கொண்டு அவரை மேலே செல்லவொட்டாமல் தடுத்தது. 1880-இல் ஃப்ளூஸின் கருவியை முதுகில் ஏற்றிக்கொண்டு, கும்மிருட்டில், இடிபாடுகளுக்கிடையே தடவித் தடவிச் சென்று கதவை மூடித் திரும்பினார். அங்கே இருந்த ஒரு திருகு வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் திரும்புவது. ஏற்கெனவே மூடியிருந்த அதை அவர் மூடுவதாக எண்ணித் திறந்துவிட்டார் என்பது பின்னரே தெரிந்ததாம். அவர் செய்த செயலின் அருமைக்கு அதனால் குறைவில்லை. மேலே நீரும் கூரையும் மூடிய இடத்தில் மீள்சுவாசக் கருவியோடு மனிதன் சென்று வந்த முதல் பயணங்களில் அது ஒன்று.

இத்தனை சிக்கனமான கருவியை எல்லோரும் ஏன் அணிவதில்லை? இதற்கு விடை காண, மூச்சுத் திணறல் என்பது எதனால் உண்டாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் நெஞ்சு துடிக்கிறது. பிராண வாயு குறைந்ததனால் அத்துடிப்பு எழுகிறது என்றே நாம் நினைக்கிறோம். அது பெரும்பாலும் பிழை. உடலைத் தூண்டுவது கரியமில வாயுவின் மிகுதி. இதனை ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, பிரீஸ்ட்லி என்பவரோடு சேர்ந்து 1905-இல் நிலைநாட்டினார். நம் உடலின் வாயிலில் ஒரு காவல்காரன் நிற்கிறான் என்று கொள்ளுங்கள். கரியமில வாயு வந்தால் அவன் கூச்சலிடுவான். பிராண வாயு நழுவிப் போனாலோ அநேகமாக வாளாவிருப்பான்.

ஆற்றில் நீந்தும் இளைஞர்கள் இவ்விடத்தில் செவிசாய்க்க வேண்டும். நீருக்கடியில் நெடுநேரம் இருப்பதற்கென்று பத்துப் பதினைந்து முறை வேகமாக மூச்சை இழுத்து விட்டுப் பின்பு மூழ்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதனால் உடலில் பிராண வாயு அதிகம் சேர்வதில்லை. கரியமில வாயுதான் வெளியேறிவிடுகிறது. காவல்காரன் கூவவேண்டிய நேரம் தள்ளிப் போகிறது. அதற்குள் பிராண வாயு தீர்ந்து, எவ்வித எச்சரிக்கையுமின்றி நினைவு தவறிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இவ்வாறு இறக்கிறார்கள். தூத்துக்குடி முத்துச் சலாபங்களில் கல்லின்மேல் கால்வைத்து ஒரே மூச்சில் இறங்கி மீண்டவர்களும் இந்தக் காவல்காரனை நம்பியே பிழைத்தார்கள். 1961-ஆம் ஆண்டோடு அங்குச் சலாபம் நின்றுபோயிற்று. மூச்சின் இயல்பு மாறவில்லை. பாழுங்கிணற்றில் இறங்குமுன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்த நம் முன்னோர், தம் மூச்சைவிட விளக்குச் சுடரை நம்பினார்கள். பிராண வாயு குறைந்த காற்றில், மனிதன் மயங்கி விழுமுன்னே சுடர் அணைந்துவிடும். ஆனால் கழிவுநீர்த் தொட்டிகளில் நச்சு வாயுவும் எரியக்கூடிய வாயுவும் இருக்கக்கூடும். அங்கு விளக்கை இறக்குவது பயன்படாது என்பதோடு ஆபத்துமாகும்.

இனி மீள்சுவாசக் கருவிக்கு வருவோம். அதிலுள்ள சுண்ணாம்பு கரியமில வாயுவை நீக்கிக்கொண்டே இருக்கிறது. நம்மைக் காக்கவே அவ்வாறு செய்கிறது. ஆனால் காவல்காரனின் வாயையும் அதுவே அடைத்துவிடுகிறது! பிராண வாயுப் புட்டியின் திருகைத் திறக்க மறந்தவர், பையிலுள்ள காற்றையே சுகமாகச் சுவாசித்துக்கொண்டிருப்பார். திணறல் இல்லை, தலைவலி இல்லை. சில நிமிடங்களில் நினைவு போய்விடும். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 30 மீட்டர் ஆழத்தில் பையிலுள்ள வாயுவில் நூற்றுக்குப் பத்துப் பங்கே பிராண வாயு இருந்தாலும், நான்கு மடங்கு அழுத்தத்தால் உடலுக்கு அது நாற்பது பங்குபோல் பயன்படும். மூழ்குநருக்கு ஒரு குறையும் தோன்றாது. அதே வாயுவோடு அவர் மேலே ஏறினால், அழுத்தம் குறையக் குறைய நாற்பது இருபதாகி, இருபது பத்தாகி, கரை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் மயங்கிவிடுவார்.

பிராண வாயு குறைந்தால் கேடு என்பது எவருக்கும் புரியும். மிகுந்தாலும் கேடு என்பதைப் போல் பேர் என்ற பிரெஞ்சு உடலியலறிஞர் 1878-இல் வெளியிட்ட பெருநூலில் எடுத்துக்காட்டினார். உயர்ந்த அழுத்தத்தில் பிராண வாயு நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை உண்டாக்குகிறது. நீர்மட்டத்தில் உயிரூட்டும் தூய பிராண வாயு, சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே நஞ்சாகத் தொடங்குகிறது. கடலுலகை உலகுக்குக் காட்டிய ழாக் கூஸ்தோ, காற்று உருளைகளை நாடுமுன் பிராண வாயுக் கருவியைத்தான் சோதித்தார். சுமார் 45 அடி ஆழத்தில் இருமுறை வலிப்புக்கு ஆளாகி, எடையைக் கழற்றி எறிந்ததனால் பிழைத்தார். அதன் பின்னரே அவரும் எமீல் காஞானும் சேர்ந்து 1943-இல் அழுத்திய காற்றைச் சுவாசிக்கும் அக்வாலங் கருவியைச் செய்தனர்.

இத்துறையில் தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கியவர், முன்னர்க் கூறிய ஹால்டேனின் மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன். 1939-இல் தீட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் 99 பேரோடு அழிந்தபின், அடைபட்ட அறையில் கரியமில வாயு ஏறும்பொழுது மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தாமே உள்ளே அமர்ந்து கண்டறிந்தார். உயர்ந்த அழுத்தத்தில் பிராண வாயுவைச் சுவாசித்து வலிப்பு வந்து, முதுகெலும்பும் சேதமுற்றது. அவர் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, 1961-இல் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. புதுச்சேரியைச் சேர்ந்த யானாமுக்கு அது பக்கத்து ஊர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்காக நடந்த ஆய்வுகளில் தெரிந்த உண்மை இன்னும் அச்சந்தருவது. பிராண வாயு நஞ்சைத் தாங்கும் ஆற்றல் ஆளுக்கு ஆள் மட்டுமன்று, ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் வேறுபடுகிறது. நேற்றுத் தாங்கினேன், ஆகவே இன்றும் தாங்குவேன் என்று சொல்ல வழியில்லை. உதடு துடித்தல், காது இரைதல், பார்வை குறுகுதல் என்ற அறிகுறிகள் சிலருக்கு முன்னே தோன்றும். பலருக்கு வலிப்பே முதல் அறிகுறி.

ஆதலால் இக்காலக் கருவிகளில் பிராண வாயுவின் பகுதி அழுத்தத்தை அளக்கும் மின்கலங்கள் வைக்கப்பட்டுள்ளன. தரைமட்டக் காற்றில் அவ்வளவு 0.21. கருவி அணிந்தவர் வழக்கமாக 0.7 முதல் 1.3 வரை வைத்துக்கொள்கிறார். 0.16-க்குக் கீழே போனால் மயக்கம் நெருங்குகிறது, 1.6-க்கு மேலே போனால் வலிப்பு. மின்கலம் பழுதாகும் என்பதால் ஒன்றுக்கு மூன்றாக வைப்பர். மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால் கருவி அதை ஏற்கும். பெரும்பான்மை எப்பொழுதும் உண்மையைச் சொல்லும் என்பது தேர்தலிலேகூட உறுதியில்லை. ஒரே நாளில் வாங்கிய இரண்டு கலங்கள் ஒருங்கே முதுமையடைந்து ஒரே பொய்யைச் சொல்ல, புதிதாய் இட்ட மூன்றாவது சொல்லும் உண்மையைக் கருவி தள்ளிவிடக்கூடும். அறிந்தவர்கள் கலங்களை வெவ்வேறு காலத்தில் மாற்றுவர். காலம் கடந்ததை விலை கருதி வைத்துக்கொள்ள மாட்டார்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று எண்களையும் தம் கண்ணாலேயே பார்ப்பர்.

மூன்றாவது கேடு கரியமில வாயுவினுடையது. சுண்ணாம்பு தீர்ந்தாலும், கலத்தில் அதை இறுக நிரப்பாததால் மூச்சு இடுக்கு வழியே நழுவினாலும், ரப்பர் வளையம் ஒன்றை வைக்க மறந்தாலும், வாயு நீங்காமல் திரும்ப வருகிறது. பிராண வாயுவைப் பத்து மணி நேரத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்றேன். சுண்ணாம்போ, கலத்தின் அளவையும் நீரின் குளிர்ச்சியையும் உழைப்பையும் பொறுத்து, பெரும்பாலும் மூன்று மணி நேரமே உழைக்கும். கருவியின் ஆயுள் உண்மையில் சுண்ணாம்பின் ஆயுள்தான். அதை அளந்து காட்டும் நம்பத்தக்க கருவி எல்லா வகைகளிலும் இல்லை. நீர் புகுந்து சுண்ணாம்போடு கலந்தால் காரக் குழம்பு வாய்க்கு ஏறும். தாம்பூலத்தில் சுண்ணாம்பு ஒரு துளி கூடினாலே நாக்கு வெந்துபோகிறது. இங்கே தொண்டையே புண்ணாகும்.

கரியமில வாயுவுக்குத்தான் காவல்காரன் கூச்சலிடுவானே, பின் என்ன அச்சம் என்று கேட்பீர்கள். ஆழத்தில் அடர்ந்த வாயுவை இழுத்து விடுவதே பெரும் உழைப்பு. அங்கே காவல்காரனும் சோர்ந்துவிடுகிறான். மூழ்குமுன் கரையில் அமர்ந்து ஐந்து நிமிடம் கருவியில் மூச்சுவிட்டுப் பார்ப்பது ஒரு நல்ல வழக்கம். ஆனால் ஆய்வாளர் சோதித்தபோது, சுண்ணாம்பே வைக்காத கருவியைக்கூடச் சிலர் உணரவில்லை. சுண்ணாம்பு அரைகுறையாய் வேலை செய்த கருவியைப் பெரும்பாலோர் உணரவில்லை. உணரத் தொடங்கும்பொழுதோ அறிவு கலங்கி, மூச்சு வாங்குகிறது. வாயிலுள்ள குழலை ஒரு நொடி எடுத்து வேறு குழலை வைத்துக்கொள்ளும் துணிவும் இல்லாமற் போகிறது. 2005 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் போஸ்மான்ஸ்காட் என்னும் நீர்க்குகையில், 270 மீட்டர் ஆழத்தில், டேவ் ஷா என்ற ஆஸ்திரேலியர் இவ்வாறே இறந்தார். பத்தாண்டுகளுக்கு முன் அங்கே இறந்த ஓர் இளைஞரின் உடலை மீட்கவே அவர் இறங்கினார். கயிறு சிக்கியது; அதனோடு போராடிய உழைப்பில் கரியமில வாயு மிகுந்தது. அவர் தலையிலிருந்த படப்பெட்டியில் அவருடைய மூச்சின் ஓசை மேலும் மேலும் விரைவதும், பின் அடங்குவதும் பதிவாகியிருந்தன. அவர் தேர்ந்த விமானி. கருவியை நன்கு அறிந்தவர்.

இத்தனையும் திறந்த கடலிலும் நேரக்கூடியவையே. குகை இவற்றோடு கூட்டுவது ஒன்றுதான்: தலைக்குமேல் கூரை. கடலில் கேடு வந்தால் மேலே போகலாம். குகையில் மேலே என்பதே கிடையாது. வந்த வழியே ஒரே வழி. 1946-இல் கூஸ்தோவும் பிரெடெரிக் துமாவும் தென்பிரான்சின் வோக்ளூஸ் ஊற்றுக் குகைக்குள் இறங்கி, உள்ளே அறிவு மயங்கி, அரும்பாடுபட்டு வெளிவந்தனர். காற்றடைத்த இயந்திரம் தன் புகையையே இழுத்து உருளைக்குள் நிரப்பியிருந்தது பிறகு தெரிந்தது. புளோரிடாக் குகைகளில் இறந்தவர்களின் கதைகளை ஒன்றொன்றாய் ஆராய்ந்த ஷெக் எக்ஸ்லி 1979-இல் ஒரு சிறு நூல் எழுதினார். வாயிலிலிருந்து அறுபடாத வழிக்கயிறு இட்டுச் செல்லுதல், காற்றில் மூன்றிலொரு பங்கு தீர்ந்ததும் திரும்புதல், அளவுக்கு மிஞ்சி ஆழம் போகாதிருத்தல் ஆகியவை அவர் வற்புறுத்தியவை. குகைக்கெனத் தனிப்பயிற்சியும் ஆளுக்கு மூன்று விளக்குகளும் பின்னர் அவற்றோடு சேர்ந்தன. மூன்றிலொரு பங்கு போவதற்கு; ஒரு பங்கு வருவதற்கு; மற்றொரு பங்கு, தோழனின் காற்று தீர்ந்துவிட்டால் அவனுக்கு.

2018-ஆம் ஆண்டில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் வெள்ளத்தால் அடைபட்டதும், ஜூலை 8 முதல் 10 வரை அவர்கள் மீட்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் இருந்த அறையில் பிராண வாயு 15 பங்குக்கு இறங்கியதாக அறிவித்தனர். அம்மீட்பின் இடையே, ஜூலை 6-ஆம் நாள், வழியில் காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான், தம் காற்று தீர்ந்து உயிர் நீத்தார். அதே ஆண்டு டிசம்பர் 13-இல் நம் மேகாலயாவில், க்சான் என்னுமிடத்தில், எலிவளை போன்ற நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் புகுந்து பதினைந்து தொழிலாளர் சிக்கினர். இந்தியக் கடற்படையின் மூழ்குநர் அங்குச் சென்றனர். கலங்கிய நீர், கிளைகிளையாய்ப் பிரியும் குறுகிய வளைகள். இறுதியில் நீருக்கடியில் செல்லும் இயந்திரத்தின் கண்தான் உடலைக் கண்டுபிடித்தது. கூரையுள்ள நீர் என்பது அயல்நாட்டுப் பொழுதுபோக்கு மட்டுமன்று.

மீள்சுவாசக் கருவியோடு குகைக்குள் செல்பவருக்கு மூன்றிலொரு பங்கு விதி வேறு உருவம் கொள்கிறது. அவர் கருவியில் வாயு தீர்வதில்லை, கருவியே தவறிவிடக்கூடும். ஆகவே மிகத் தொலைவான இடத்தில் கருவி தவறினால், சாதாரண உருளைக் காற்றைக் கொண்டே வாயில் வரை வருவதற்கு வேண்டிய அளவைத் தனியே எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். 30 மீட்டர் ஆழம், வாயிலிலிருந்து 600 மீட்டர் தொலைவு, நிமிடத்துக்கு 15 மீட்டர் நீந்தினால் திரும்ப நாற்பது நிமிடம். நிமிடத்துக்கு 80 லிட்டர் வீதம் 3,200 லிட்டர். ஆனால் கருவி தவறியது கரியமில வாயுவினால் என்றால் மூச்சு இருமடங்காய் வாங்கும், 6,400 லிட்டர். முன்னே சொன்ன 12 லிட்டர் உருளைகள் மூன்று வேண்டும்! ஆழத்திலிருந்து ஏறும்பொழுது வழியில் நின்று நின்று வரவேண்டிய நேரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. சிக்கனக் கருவியைச் சுமந்து செல்பவர் இறுதியில் அந்த மூன்று உருளைகளையும் சுமக்கிறார், அல்லது வழியில் முன்கூட்டியே வைத்துவிட்டுப் போகிறார். இதைக் கண்டு, பின் கருவி எதற்கு என்று நகைப்பவர் உண்டு. நீண்டநேரம் உள்ளே இருப்பதற்குக் கருவி. உயிரோடு வெளியே வருவதற்கு உருளை. இரண்டையும் ஒன்றென எண்ணி உருளையைக் குறைத்துக்கொள்வதே பெரும்பிழை.

மற்றொன்று, அச்சிட்ட சரிபார்ப்புத் தாள். ஒவ்வொரு திருகும் திறந்திருக்கிறதா, ஒவ்வொரு வளையமும் இருக்கிறதா, மின்கலங்கள் பிராண வாயுவில் சரியான எண்ணைக் காட்டுகின்றனவா, பைக்குள் காற்றை அடைத்துவைத்தால் கசிகிறதா என்று, ஆயிரம் முறை செய்தவரும் தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாய்ப் பார்க்க வேண்டும். பழக்கம் வந்துவிட்டது, தாள் வேண்டாம் என்று வைப்பவர் விரைவில் ஒரு வரியைத் தாண்டுகிறார். நீருக்குள்ளே ஐயம் எழுந்தால் ஆராய்ச்சி செய்யாமல் உடனே உருளைக் காற்றுக்கு மாறிவிட வேண்டும். ஆராய்வதைக் கரையில் வைத்துக்கொள்ளலாம். மயங்கினாலும் வாயிலிருந்து குழல் விழாதபடி அதைத் தலையோடு பிணைக்கும் பட்டையும் உண்டு. அழகாயில்லை என்று சிலர் அணிவதில்லை.

கருவியைக் கழற்றியபின் சுண்ணாம்பை என்ன செய்வது என்பதைச் சொல்லி நிறுத்துகிறேன். மருத்துவமனைகளில் மயக்க மருந்து தரும் இயந்திரத்திலும் இதே சுண்ணாம்பு இருக்கிறது. அங்கே அதனோடு சாயம் கலந்திருப்பார்கள். சுண்ணாம்பு தீரத் தீர நிறம் ஊதாவாகும். ஆனால் இரவெல்லாம் ஓய்ந்திருந்தால் ஊதா மறைந்து மீண்டும் வெண்மையாகிவிடும். ஆற்றலோ திரும்பி வந்திருப்பதில்லை. மூழ்குநரின் சுண்ணாம்பில் பெரும்பாலும் அந்தச் சாயமும் கிடையாது. புதியதும் பழையதும் ஒரே வெள்ளை. ஆகையால் இத்தனை மணி நேரம் பயன்பட்டது என்று கலத்தின்மேல் எழுதி ஒட்டுவர். எழுத மறந்திருந்தால், அது ஒரு மணி நேரமே உழைத்ததாக நினைவு சொன்னாலும், அப்படியே கொட்டிவிட்டுப் புதியதை நிரப்புவர். கொட்டியது நாளடைவில் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் உண்டு, இறுகிச் சுண்ணக்கல்லாகிவிடும்.